கெர்னலில் ஓர் இன்லைன் பிழை

இரண்டாயிரத்து எட்டில், இலங்கையில், கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அம்மா, அப்பா இல்லை. அக்கா குவைத்தில் வீட்டு வேலை. குவாட்டர்ஸில் நானும், ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரும்.

அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். மெமரி போதாது. அதனால் அதன் மையமான கெர்னலை, எழுதிய நிரலிலிருந்து நானே கம்பைல் செய்து சிறிதாக்கப் பார்ப்பேன். புதிதாக வந்த கெர்னலில் ஒரு தேர்வு இருந்தது: எதை இன்லைன் செய்வது என்பதை, கம்பைல் செய்யும் புரோகிராமான கம்பைலரே முடிவு செய்யட்டும். கெர்னல் சிறுக்கும் என்று எழுதியிருந்தது. ஒரு போயா தினத்தில், பௌர்ணமி லீவில், அதைப் போட்டேன். காலையில் தொடங்கிய கம்பைல் பின்னேரம்தான் முடிந்தது. மெஷினைத் திரும்பப் போட்டால் இரண்டு வரி வந்தது. அப்புறம் கறுப்புத் திரைதான்.

வெள்ளிக்கிழமை அக்கா கால் எடுத்தாள். சொல்ல வேறு ஆளில்லை, அவளிடம் சொன்னேன்.

"இன்லைன்னா என்னடா?"

"ஒரு சின்ன வேலைய ஒரு எடத்துல எழுதி வச்சிட்டு, வேணுங்கிறப்ப அங்க போய்ட்டு வரலாம். இல்லாட்டி வேணுங்கிற எடத்துல எல்லாம் அதையே எழுதி வச்சிரலாம். அதுதான் இன்லைன். போற வர்ற நேரம் மிச்சம், ஆனா எடம் புடிக்கும்."

"லயத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணிப் பீலியா, வீட்டுக்கு வீடு பீலியான்ற மாதிரியா?"

"அதேதான்க்கா!"

"சரி, சாப்புட்டியா? மேடம் கூப்புடுறாங்க, வைக்கிறேன்."

அடுத்த ஞாயிறு பழைய கெர்னலை வைத்து மெஷினை எழுப்பி, அந்த ஒரு தேர்வை மட்டும் எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தேன். மெஷின் எழும்பியது. அதற்கடுத்த ஞாயிறு மறுபடி போட்டேன். செத்தது. தவறு என்னுடையதில்லை என்று நிச்சயமானது.

பெல்மதுளை டவுனில் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்போம், இன்டர்நெட் கடை வைத்திருந்தார். அங்கே போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கெர்னல் எழுதுகிறவர்களின் மெயில் குழுவுக்கு நடந்ததை எழுதினேன். கம்பைலரின் பதிப்பையும் சேர்த்தேன். பிறகு வேலை முடிந்து பஸ் ஏறிப்போய் மெயில் பார்ப்பதே பழக்கமாயிற்று. ஒன்றும் வரவில்லை.

எட்டாம் நாள் பதில் வந்தது. எந்த நாட்டுக்காரரோ தெரியாது. கட்டாயம் இன்லைன் ஆகவேண்டிய ஒரு வேலையை உங்கள் கம்பைலர் வெளியே தள்ளிவிடுகிறது, இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். போட்டேன். எழும்பியது. அவருக்குப் பதில் எழுதினேன். அவர் அனுப்பிய கடைசித் திருத்தத்தின் கீழே, சோதித்தவர் என்று என் பெயர் இருந்தது.

பிரின்ட் எடுத்தேன். நானா தாளை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரிசல்ட்டா?"

"அப்படித்தான் வச்சிக்கங்க, நானா."

பஸ்ஸில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எங்கள் பாக்டரியில் வேலைசெய்யும் சிங்கள அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொகத மல்லி, தனியம ஹினாவென்னே?" என்று கேட்டார். ஏன் தம்பி, தனியாகச் சிரிக்கிறாய்?

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன்.

"நிகங்," என்றேன். சும்மாதான்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.