களத்தில் கட்டிய சுரங்கம்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைத் திறந்தவெளியில்தான் வெட்டுகிறார்கள். எனக்கு வாய்த்த வேலையோ வெளிமாநிலத்தில், தரைக்கு அடியில்.

ஒரு பொங்கலுக்குச் சொந்த ஊரான குன்னம் வந்தபோது வேலையும் கூடவே வந்துவிட்டது. சுரங்கத்துக்குள் கல் அள்ள எந்த லோடர் வாங்கலாம் என்று நான் எழுதித் தரவேண்டும். பெரியது என்றால் ஒன்றே போதும், கேட்ட டன் வந்துவிடும். மேலாளருக்கு அதில்தான் கண். அதை எழுதினால் எனக்குப் பதவி உயர்வு நிச்சயம். சுரங்கப் பாதையில் அது அடங்கும் என்று கணக்கு சொன்னது. பாதை திரும்பும் ஒரு வளைவு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

மக்காச்சோளம் அள்ளி முடித்த களத்தில் முளை அடித்து, அந்த வளைவை அதே அளவில் கயிற்றால் கட்டினேன். மனைவியின் தம்பியுடைய டிராக்டரில், லோடரின் நீள அகலத்துக்கு மூங்கில் வைத்துக் கட்டினோம்.

"பொங்கலுக்கு வண்டிக்கு மாலை போடுவாங்க மாமா. நீங்க பாடை கட்டுறீங்களே," என்றான்.

மனைவியைக் கயிற்றுக்குள் நிறுத்தி, செல்போனில் படம் எடுக்கச் சொன்னேன். டிராக்டர் திரும்பியது. மூங்கில் கயிற்றைத் தொடவில்லை, ஒரு சாண் மிச்சம். "பாத்தியா, போவுது பாரு!" என்று கை தட்டினேன்.

அவள் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள். "வண்டி போவுதுங்க. எனக்குத்தான் உள்ள எடமில்ல. இது கயிறு, தாண்டி வந்துட்டேன். அங்க பாறையாச்சே, நீங்க எங்க நிப்பீங்க?"

வண்டி ஓடும்போது ஆள் நிற்கக்கூடாது என்பது விதி. ஆனால் கூரையைப் பார்க்கவும் காற்றுக்குழாயைப் பார்க்கவும் தினமும் அங்கே போய் நிற்பவனே நான்தான். வண்டிக்கும் காற்றுக்குழாய்க்கும் இடம் விட்டிருந்தேன். ஆளுக்கு விடவில்லை. வெட்கமாக இருந்தது.

சிறிய லோடர் இரண்டு என்று எழுதி அனுப்பினேன். மேலாளர் போனில் காய்ச்சி எடுத்தார். இழுபறிக்குப் பிறகு சிறியவையே வந்தன. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எனக்கு எரிச்சல்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

சில மாதம் கழித்து அந்த வளைவில் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் இருப்பது தெரியாமல் லோடர் திரும்பிவிட்டது. ஓட நேரமில்லை. முதுகைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். வண்டி என் சட்டைப் பொத்தானை உரசிக்கொண்டு கடந்துபோனது.