இருநூற்று முப்பது வோல்ட்

கோவிந்தாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள் நான். தோப்புக்காரர்களின் ஸ்டெபிலைசர், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று பழுது பார்த்துக் கொஞ்சம் பேர் வாங்கியிருந்தேன். ஆடியோ சாமான் எதுவும் அதுவரை என் கைக்கு வந்ததில்லை.

ஒருநாள் பக்கத்துத் தோப்புக்காரர், எனக்கு மாமா முறை, கனமான கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆசைப்பட்டு நல்ல ஆம்பிளிஃபயர் வாங்கி, மத்தியானங்களில் நாதஸ்வரம் கேட்கிறவர் அவர். பெட்டி, அந்த ஆம்பிளிஃபயருக்கான பவர் கண்டிஷனர். லைனில் கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் 230 வோல்ட்டாகச் சீராக்கி, இரைச்சலையும் வடிகட்டிக் கொடுப்பது அதன் வேலை.

"டவுனுக்குக் கொண்டுபோயிக் காட்டுனேன் அம்மிணி. போர்டு போச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்லிப்போட்டாங்க. நீ ஒருக்கா பாரு. ஆனா என்ற ஆம்பிளிஃபயருக்கு ஒண்ணும் ஆயிரப்படாது."

மூன்று நாள் அந்தப் போர்டோடு மல்லுக்கட்டினேன். எரிந்துபோன ஒரு டிரான்சிஸ்டரையும், வீங்கிக் கிடந்த இரண்டு கப்பாசிட்டர்களையும் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வரச்சொல்லி, அவர் கண்முன்னாலேயே சுவிட்சைப் போட்டேன். உள்ளே வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்ன மோட்டார் முனகிக்கொண்டு நகர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவுட்புட்டில் வைத்த மீட்டர் 258 காட்டியது.

"என்ன அம்மிணி, ஏறிப்போச்சா?"

"ஆமாங்க மாமா. கொஞ்சம் இறக்கோணுங்க."

அளவை மாற்றும் திருகு, பிரீசெட் என்போம், போர்டின் ஓரத்தில் சிவப்பு வார்னிஷுக்குள் இருந்தது. வார்னிஷைச் சுரண்டினேன். ஸ்க்ரூடிரைவரைப் பொருத்தியபோது மனசுக்குள் ஏதோ இடறியது. சுவரில் வருவது எவ்வளவு என்று நான் பார்க்கவே இல்லையே! மீட்டரைச் சுவர்ப் பிளக்கில் வைத்தேன். 240.

காலை பத்து மணி. அக்கம்பக்கத்துத் தோப்பு மோட்டார்கள் எல்லாம் லைனில் கரண்டை இழுத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் எங்கள் லைனில் 240 வோல்ட் வந்ததாக நான் பார்த்ததே கிடையாது.

"மாமா, பொட்டி ஏறலீங்க. மீட்டருதான் பொய் சொல்லுது."

மீட்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். புது பேட்டரி போட்டேன். சுவரில் 206. பெட்டியின் அவுட்புட்டில் 221. நான் இறக்கப் பார்த்ததை உண்மையில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தத் திருகை நம்பிக்கையோடு இடப்பக்கம் திருப்பியிருந்தால் பெட்டி இன்னும் கீழே போயிருக்கும். பழி நான் மாற்றிய டிரான்சிஸ்டர் மேல் விழுந்திருக்கும்.

ஆம்பிளிஃபயருக்குப் பதிலாக இருநூறு வாட் பல்பு இரண்டைப் பெட்டிக்கு லோடாக மாட்டினேன். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் திருகை மயிரிழை வலப்பக்கம் நகர்த்தினேன். 224. இன்னும் கொஞ்சம், 228. அடுத்தது கை கூடிப்போய் 234. மெல்லப் பின்னால் எடுத்தேன். 230. விரலை எடுத்தும் அசையவில்லை.

"ஆச்சா அம்மிணி?"

"இன்னும் இல்லீங்க. இருங்க, சோதிச்சுப் பாத்தரலாம்."

தோப்பில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, நம்ம மோட்டார் ரெண்டையும் ஒண்ணாப் போடுங்க."

"ரெண்டையுமா? எதுக்கு?"

"போடுங்க, சொல்றேன்."

முன்னறை லைட் மங்கியது. சுவரில் 206 சரிந்து 184 ஆனது. பெட்டிக்குள் மோட்டார் முனகியது. அவுட்புட் 219க்கு விழுந்து, 225, 229 என்று ஏறி, 230இல் வந்து நின்றது. லைட் மங்கலாகவே இருந்தது. என் மேசையில் பல்பு இரண்டும் வெளுப்பாக எரிந்தன.

"அடேயப்பா!" என்று மாமா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திருகின் மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து மூடினேன்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் வீட்டில் மாட்டிக்கொடுத்தேன். ஆம்பிளிஃபயர் விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். துளி இரைச்சல் இல்லை. மாமா நாதஸ்வரத்தைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வரப்பில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"டவுனுல ஆகாதுன்னாங்கல்ல," என்று அவர்களைப் பார்த்துக் கத்தினார். "எங்க அம்மிணி பண்ணிக் குடுத்துச்சு!"