இரண்டு சொட்டு நல்லெண்ணெய்: செனாயில் பறக்காத விமானம்

அன்று காலை, மலேசியாவின் தென்கோடியில் உள்ள செனாய் விமான நிலையத்தில், கேப்டன் என்னிடம், "உங்களுக்கு ஏதாவது அவசரமாம்மா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். பினாங்கில் மூன்று மணிக்கு அப்பாவுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள், அதற்குப் பிறகு அவர் குரலை யாரும் கேட்க முடியாது என்பதையும் சொல்லவில்லை. சிறிய விமானத்தில் இடம் பிடித்துப் பயணம் போக நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் வீட்டு விஷயம் அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் வரும்.

ஆயுத பூஜை அன்று மாலை பினாங்கிலிருந்து அக்கா அழைத்தாள். சனிக்கிழமை என்று சொல்லியிருந்த அறுவையை மறுநாளுக்கே மாற்றிவிட்டார்களாம். அப்பாவிடம் ஃபோனைக் கொடு என்றேன்.

"வாங்க மாட்டேங்கிறாருடி. கடைசியாப் பேசறத ஃபோன்லயா பேசுவாங்க, நேர்ல வரட்டும்ங்கிறாரு. உன்கிட்ட என்னமோ சொல்லணுமாம். என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறாரு."

அப்பா லாரி ஓட்டியவர். ஃபோன் என்பது சரக்கு எங்கே இருக்கிறது என்று முதலாளி கேட்பதற்கான கருவி, அவ்வளவுதான். அவரை மாற்ற நேரமில்லை.

பள்ளி விடுமுறை. செனாயிலிருந்து பினாங்கு போகும் விமானங்களில் மறுநாள் இரவு வரை ஓர் இருக்கைகூட இல்லை. அப்போதுதான் சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி, வாடகைக்கு ஓடும் எட்டு இருக்கை விமானம் ஒன்று காலை ஒன்பதரைக்குப் பினாங்கு போகிறது, இடம் காலி என்றாள். இருக்கைக்கு எண்ணூற்றைம்பது ரிங்கிட். ஒன்றரை மணி நேரப் பயணம். பதினொன்றரை மணிக்கெல்லாம் அப்பாவின் கட்டிலருகே இருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஜொகூர் பாருவில் என் வீட்டிலிருந்து செனாய் முப்பது கிலோமீட்டர். செயலியில் பதிவு செய்த காருக்கு முப்பத்தெட்டு ரிங்கிட். போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சிறிய விமானங்கள் பயணிகள் முனையத்தில் நிற்பதில்லை. பின்பக்கச் சாலையில், வேறு வாயில். என் ஓட்டுநர் இரண்டு முறை சுற்றிவிட்டு, "தங்கச்சி, இது சரக்கு கேட் லா. நீங்க ஆளா, பார்சலா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஹேங்கருக்குள் விமானம் பளபளவென்று நின்றது. முன்சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். மூக்கில் சந்தனப் பொட்டு, கதவில் சந்தனப் பொட்டு, ஏணியில், கருவிப் பெட்டியில், காப்பி போடும் இயந்திரத்தில்கூடச் சந்தனப் பொட்டு. முந்தின நாள் பூஜையை அமர்க்களமாகச் செய்திருக்கிறார்கள். என்னைத் தவிர இன்னொரு பயணி, கெலாங் பாத்தாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் டேவிட் அங்கிள். அறுபது வயதிருக்கும். என் பெயரைக் கேட்பதற்கு முன்பே தன் கடையில் எந்த ஆணி நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டார்.

கேப்டன் நசீர், நாகூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். பொறுமையான மனிதர். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றிக் காட்டி, பெருமையோடு ஒரு விஷயம் சொன்னார். இந்த வகை விமானங்களில் அவசர ஆக்சிஜன் பாட்டிலின் வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாய உத்தரவு வந்திருக்கிறது. மாற்றாமல் பயணிகளை ஏற்றக் கூடாது. உயரத்தில் அறைக் காற்று அழுத்தம் போய்விட்டால் தலைக்கு மேலிருந்து மாஸ்க் விழும். அதை இழுத்தால் வால்வு முழுதாகத் திறந்து ஆக்சிஜன் வர வேண்டும். பழைய வால்வு சில சமயம் பாதியில் சிக்கிக்கொள்கிறதாம். இருபதாயிரம் அடியில் சில நிமிடங்களிலேயே நினைவு மங்கும். பாதி ஆக்சிஜனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"கெடு இன்னும் இருக்கு. நாங்க முந்தாநாளே மாத்திட்டோம்" என்றபடி வால்பக்கத்துப் பலகையைத் திறந்து டார்ச் அடித்தார். அப்படியே நின்றார். புது வால்வின் மேல் சிவப்பாக ஏதோ மினுங்கியது.

"சேகர் அண்ணே."

மெக்கானிக் சேகர் துணியில் கை துடைத்தபடி வந்தார்.

"இது என்ன?"

"குங்குமம், கேப்டன்."

"அது தெரியுது. எதுல குழைச்சீங்க?"

"நல்லெண்ணெய்லதான். ரெண்டே சொட்டு. தண்ணில குழைச்சா பித்தளைல நிக்காது, காஞ்சு உதிர்ந்துரும்."

கேப்டன் கண்ணை மூடித் திறந்தார். "அண்ணே, சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

சுவரில் சிவப்பு எழுத்தில், மலாயிலும் ஆங்கிலத்திலும், ஆக்சிஜன் அருகே எண்ணெய் கூடாது, கிரீஸ் கூடாது என்று எழுதியிருந்தது. சேகர் அதைப் படித்தார். பிறகு உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னார்: "அது எண்ணெய்க்குத்தானே கேப்டன்? இது குங்குமம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அந்த மனிதர் கவனமில்லாதவர் இல்லை. வால்வை மாற்றிய அன்று மூன்று முறை கை கழுவி, புதுக் கையுறை போட்டு, "தலைக்கு எண்ணெய்கூட வைக்கலைங்க, என் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க" என்கிறார். அது அத்தனையும் உண்மை. அவர் மனதில் எஞ்சின் எண்ணெய் எண்ணெய், தலை எண்ணெய் எண்ணெய். சாமி சாமானில் விழுந்த எண்ணெய் மட்டும் எண்ணெய் இல்லை. உலகத்தின் எந்த மூலையிலோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வால்வு எப்படியெல்லாம் கெடும் என்று யோசித்து உத்தரவு எழுதியவர்களுக்கு இது தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை.

கேப்டனுக்குச் சங்கடம் வேறு விதம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, பூஜை பண்ணினதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லல. நானே வந்து சுண்டல் சாப்பிட்டேன். சக்கரத்துக்கு வைங்க, மூக்குக்கு வைங்க. இதுக்கு ஏன் வச்சீங்க?"

"புதுசாச்சே கேப்டன். இருக்கறதிலயே புதுச் சாமான் அதுதான். அதுக்கு வைக்காம எப்படி?"

டேவிட் அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. "அலமாக்! பொட்டுக்காக ஏரோபிளேன் நிக்குதா? துடைச்சிட்டுப் போலாம் லா."

"வெளிய இருக்கறது துடைச்சா போகும் அங்கிள். திருகு மரைக்குள்ள இறங்கியிருந்தா போகாது. அழுத்தத்துல ஆக்சிஜன் வந்து எண்ணெய்ல பட்டா தீப்பொறியே வேணாம், தானா பத்திக்கும்."

"தாழப் பறங்க. மாஸ்க்கே வேணாமே."

"மாஸ்க் வேணாம். பாட்டில் உங்க முதுகுக்குப் பின்னாடிதான இருக்கும்?"

"கழட்டி இங்கயே வச்சிட்டு வாங்க!"

"கழட்டினதுக்கும் கையெழுத்து வேணும். கையெழுத்துப் போடற இன்ஜினியர் நேத்து போட்டுட்டு கோலாலம்பூர் பக்கம் சுபாங் போய்ட்டாரு."

"நேத்தே போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன?"

"அவரு போட்டப்ப பொட்டு இல்ல, அங்கிள்."

கேப்டன் இன்ஜினியரை அழைத்தார். பிரித்து, அதற்கென்று உள்ள திரவத்தில் கழுவி, புது வளையம் போட்டு, மறுபடி சோதிக்க வேண்டும், பன்னிரண்டுக்குள் வரப் பார்க்கிறேன் என்றார் அவர். நான் மனதுக்குள் கணக்கை மாற்றினேன். ஒரு மணிக்குக் கிளம்பினால் இரண்டரைக்குப் பினாங்கு. மூன்றுக்குள் மருத்துவமனை. ஒரு நிமிடமாவது கிடைக்கும்.

பத்தரை மணி வாக்கில் கேப்டன் மடித்த வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். "லேசாத்தான் பட்டிருக்கு. மரைக்குள்ள போயிருக்காதுன்னுதான் தோணுது. சும்மா போற பயணம்னா நான் தொடமாட்டேன். யாருக்காவது உயிர் போற காரியம்னா…" டேவிட் அங்கிளைப் பார்த்தார். அவர் போவது ஆணி வாங்க. பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது அவசரமாம்மா?"

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்ற ஒரு சொல் போதும், அவர் துடைத்திருப்பார். நல்ல மனிதர், அதுதான் சிக்கல். அவருக்கு முன்னால் சேகர் அண்ணன் ஓடிப்போய்த் துடைத்திருப்பார். பிறகு என் அப்பாவை முன்னிட்டு, போயிருக்காது என்று தோன்றுகிற ஒன்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்று பேர் பறந்திருப்போம். அதனால்தான் சொல்லவில்லை. இதை எழுதும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. எங்கள் வீட்டு வலியை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. அன்றைக்கு என் வாயை அடைத்தது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டும் ஆயிற்று, இன்ஜினியர் வரவில்லை. பன்னிரண்டரைக்கு ஃபோன் வந்தது. அந்த வளையம் கையிருப்பில் இல்லை, நாளைக்குத்தான். சேகர் அண்ணன் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"என் காடி வெளிய நிக்குது. வாங்க, ரோட்லயே போலாம்" என்றார் டேவிட் அங்கிள். செனாயிலிருந்து பினாங்கு சாலை வழி ஏறக்குறைய அறுநூற்றெழுபது கிலோமீட்டர். ஏழு மணி நேரம், விடுமுறை நெரிசலில் எட்டு. மூன்று மணிக்குப் போய்ச் சேர வழியே இல்லை என்று தெரிந்துதான் ஏறினேன்.

இரண்டே முக்கால் அளவில் மலாக்கா பக்கம் ஆயர் கெரோ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அவர் டீ குடிக்க நிறுத்தினார். நான் காரிலிருந்தே அக்காவை அழைத்தேன்.

"ஸ்பீக்கர்ல போடு."

"போட்டிருக்கேன். கேக்குறாரு, பேசு."

"அப்பா, விமானம் கிளம்பல. ரோட்ல வந்துக்கிட்டிருக்கேன்." கட்டில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. "ஏதாவது சொல்லணும்னீங்களாமே. இப்பவே சொல்லுங்கப்பா."

அக்கா குரல்தான் வந்தது. "கையை ஆட்டுறாருடி. வேணாம்ங்கிறாரு. உள்ள கூட்டிட்டுப் போறாங்க."

திரும்பிப் பார்த்தால் டேவிட் அங்கிள் இரண்டு டீயோடு ஜன்னல் பக்கம் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

"காலைலயே சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அங்கிள்?"

"நானே துடைச்சிருப்பேன்."

ஈப்போ வரை அவர் ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்ரோலுக்கும் டோலுக்கும் பாதி கொடுத்தேன், வாங்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. இருக்கை பதியும்போதே, விமானத்துக்குக் கட்டாய மாற்றம் ஏதாவது பாக்கியா, முடிந்திருந்தால் கையெழுத்துக்குப் பிறகு யாராவது அதைத் தொட்டார்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற ஆளோடு பறக்காதீர்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு மூன்றாம் நாள் முழுதாக வந்தது. மாஸ்க் போட வேண்டி வந்தால் உதட்டுக் களிம்பைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், அதுவும் எண்ணெய்தான். தவறவிடவே முடியாத காரியத்துக்கு ஒரே விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தை நம்பிப் போகாதீர்கள், அதற்கு மாற்று விமானம் கிடையாது. ஹேங்கரில் பூஜை செய்யும் அண்ணன்மார்களே, பொட்டை வெளிக் கதவோடு நிறுத்துங்கள். தண்ணீரில் குழையுங்கள். உதிர்ந்தால் உதிரட்டும்.

உத்தரவின் மேல் எனக்குக் கோபமில்லை. கேப்டன் மேலும் இல்லை. சேகர் அண்ணன் மேல் நிறைய இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பக்தியும் கவனமும் ஒரே ஆளிடம் இருந்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்றால் யாரைத் திட்டுவது?

மருத்துவமனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அறுவை நல்லபடியாக முடிந்திருந்தது. பத்து நாள் கழித்து, அப்பா உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும், என்னிடம் அன்றைக்கு என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளைப் பலகையை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு, மறந்துபோச்சு என்று எழுதிக் காட்டினார்.