ஃப்ரீஸுக்குப் பின் வந்த டிரைவர்

நானும் உலகின் வெவ்வேறு மூலைகளில் உட்கார்ந்திருக்கும் இன்னும் சிலரும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வருகிறோம். வருடத்துக்கு ஒரு வெளியீடு. அதில் எது வரலாம், எது வரக்கூடாது என்று கடைசியாகச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்து கிடக்கிறது. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. கேரள எல்லையோரப் பாறசாலை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துதான் அத்தனை திட்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

வெளியீட்டுக்கு முன் ஒரு தேதியில் கதவைச் சாத்துவோம். ஃப்ரீஸ் என்று பெயர். அதன்பின் பிழைதிருத்தம் மட்டும்தான், புதுச் சரக்கு கூடாது. டிரைவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. டிரைவர் என்றால், செருகிய கருவி இன்னதென்று கணினிக்குத் தெரியவைக்கும் சின்ன நிரல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அது கெடுக்காது என்றால் தாமதமாகவும் உள்ளே வரலாம். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

இந்த வருடம் ஃப்ரீஸுக்குப் பிறகு வந்து நின்றது ஒரு பிரெய்ல் கருவியின் டிரைவர். திரையில் இருப்பதை விரலால் தடவி வாசிக்கும்படி புள்ளிகளாக எழுப்பித் தரும் கருவி அது. அப்படியொன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அக்காவுடையது.

அக்கா பக்கத்துப் பள்ளியில் தமிழ் டீச்சர். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும். ஜூனில் பள்ளி திறக்கும்போது அங்கே உள்ள கணினியில் பாடத்தைத் தானே வாசித்து நடத்த முடிந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் நூலகத்தில் ஒரு நாற்காலி என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்தக் கணினிகளில் ஓடுவது எங்கள் இயங்குதளம். வெளியீட்டோடு வருவதுதான் அங்கே நிற்கும். தனியாக எதைப் போட்டாலும் துடைத்துவிடுவார்கள். வீட்டு லேப்டாப்பில் நான் டிரைவரைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா கடகடவென்று வாசித்தாள். அன்று அவள் சிரித்த சிரிப்பை ரொம்ப நாளாக நான் பார்த்ததில்லை.

அத்தான் விடவில்லை. "எலே மக்கா, சாவி உங்கையிலதானே இருக்கு? ஒண்ணு திறந்து விட்டா என்ன குறைஞ்சா போவும்?" சோற்றில் கை வைத்தால் இதே பேச்சு, சர்ச் முடிந்து பைக்கை எடுத்தால் இதே பேச்சு. அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது அதனால்தான். பின்னறையிலிருந்து வெளியே போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும். கூடத்தில் அவள் பாடம் வாசித்துப் பழகிக்கொண்டிருப்பாள்.

எந்த டிரைவரையும் உள்ளே விடுமுன் ஏதாவது ஒரு கடையில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கடைக் கணினியில்தான் கண்ட கண்ட கருவியெல்லாம் தொங்கும். குன்னத்துகாலில் ரப்பர் ஷீட் எடை போட்டு வாங்கும் என் நண்பனின் கடைக் கணினியில் காலையில் போட்டுவிட்டு வந்தேன். மதியத்துக்குள் போன்.

"என்ன எழவலே போட்டுத் தந்த? தராசு மிண்டுதில்ல, கம்ப்யூட்டர்ல ஒரு எடையும் வருதில்ல! ஷீட்டும் சொமந்துகிட்டு ஆளுக நிக்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். செருகியதும் 'நான் இன்ன கருவி' என்று சொல்ல வேண்டிய இடத்தில், பிரெய்ல் கருவி தன்னுள் இருக்கும் மலிவான சிப்பின் பெயரைத்தான் சொல்கிறது. மின்தராசிலும் அதே சிப், அதே பெயர். டிரைவர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தராசைப் பிடித்து வைத்துக்கொண்டது. இதைச் சேர்த்தால் எந்தெந்த ஊரிலோ தராசும் பில் மெஷினும் வாயடைத்து நிற்கும். டிரைவரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிரைவரை எழுதியவரிடம் வேறு வழி உண்டா என்று கேட்டேன். "கருவி தன் பெயரைச் சொன்னால்தானே நான் பார்த்துப் பிடிப்பேன்?" என்றார். சரி, முடிவை வேறொருவர் எடுக்கட்டும் என்று குழுவில் மூத்தவருக்கு எழுதினேன். "கருவியும் உன் வீட்டில், சோதித்ததும் நீ. உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார் மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆக, சேர்க்கக்கூடாது என்று நான்தான் எழுதினேன்.

எழுதிய கையோடு கூடத்துக்கு வந்து சொன்னேன். "அக்கா, இந்தத் தடவ இல்ல."

விரல்கள் நின்றன. "அடுத்தது எப்போ?"

"அடுத்த வருசம். அதுக்குள்ள ஒரு வழி கண்டுபிடிப்பேன்."

கடையில் நடந்ததைச் சொன்னேன். "தராசு நின்னு போச்சுன்னா அந்தப் பாவங்க என்ன செய்யும்? நீ செய்தது செரியாக்கும்," என்றாள். பிறகு, "ஹெட்மாஸ்டர்ட்ட நீயே போன்ல விளிச்சுச் சொல்லு மக்கா. எனக்குச் சொல்ல வய்யா."

அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். சிப், டிரைவர், அடுத்த வருடம் என்று மலையாளத்தில் விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார்.

"ஓ, சாரமில்ல, சாரமில்ல!" பரவாயில்லையாம். குரலில் அப்படியொரு நிம்மதி. டைம்டேபிளை அக்காவுக்கு வகுப்பு இல்லாமல்தான் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்களாம். இனி மாற்ற வேண்டி வருமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தாராம்.

அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரை அணைக்க எனக்குக் கை வரவில்லை.