சைரன் அடித்தால் உயிர் இருக்கிறது

எங்கள் நகருக்கும் பழைய தெருவுக்கும் நடுவே ஒரு வயல் அகலம்தான் இடைவெளி. அதில் இணைப்புச் சாலை போட ஊராட்சி முடிவெடுத்ததும் பழைய தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். அதுவரை ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காத நாங்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்து, சண்டைக்குக் காரணம் தேட ஆரம்பித்தோம்.

நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை போட்டு விற்ற இடம். நான் பள்ளிக்கூட வாத்தியார். அங்கே ஒரு வீடு கட்டி, காலனியிலிருந்து அப்பாவை அழைத்து வந்திருந்தேன். அதே நிலத்தில் நாற்று சுமந்தவர் அவர். "நான் சேறு மிதிச்ச எடத்துல டைல்ஸ் ஒட்டிருக்கியேடா" என்று வழுக்கி வழுக்கி நடப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. செத்தால் அவரை ரோட்டு வழியாகத் தூக்கிப் போக வேண்டும். காலனியில் யார் செத்தாலும் பழைய தெரு வழியாக மயானத்துக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வரப்புதான் வழி. வரப்பில் ஒற்றை ஆள்தான் நடக்கலாம், பாடைக்கு நாலு பேர் வேண்டும். ஆகவே நட்ட வயலில் இறங்க வேண்டும். பயிரை மிதித்ததற்கு மறுநாள் பண்ணையிலிருந்து வசவு வரும். கூலி உயர்வுக்குக் கொடி பிடித்து அடிவாங்கியதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிற அப்பா, தன் அண்ணனைத் தூக்கிப் போகும்போது பாடையோடு சேற்றில் விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

இத்தனைக்கும் சாதி வித்தியாசம் இல்லாத மயானம் என்று எங்கள் ஊர் அரசாங்கத்திடம் பரிசு வாங்கியது. மயானத்துக்குள் வித்தியாசம் இல்லைதான். அங்கே போய்ச் சேருவதில்தான் கஷ்டம்.

பேச்சுவார்த்தையில் பழைய தெருவின் சார்பில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் பேசினார். புழுதி வரும் என்றார். ஸ்கூல் வேன் வேகமாக வரும் என்றார். எங்கள் நகரின் நாய்கள் வந்து அவர்கள் நாய்களைக் கெடுத்துவிடும் என்றார். எங்கள் நலச்சங்கச் செயலாளர் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். நாய்களைக் கட்டிப்போடுவதாகக்கூட ஒப்புக்கொண்டார். கடைசியில் இன்ஜினியர் குரலைத் தாழ்த்தி, "பொணம் வருமேங்க" என்றார்.

"வராதுங்க" என்றார் செயலாளர். "எங்க நகர்ல யாரும் சாக மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து, என்னோடு வந்திருந்த அப்பாவுக்கு இருமல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் வேணா முயற்சி பண்றேங்க" என்றார் அப்பா.

தாசில்தார் பதறிப்போனார். "பொணம் கிணம்னு பேசாதீங்க, கேஸாயிடும். வண்டின்னு சொல்லுங்க." அதன் பிறகு ஒரு மணி நேரம் வண்டியைப் பற்றியே பேசினோம். வண்டி பழையபடி வரப்பு வழியிலேயே போகட்டும் என்று முடிவானது. நான் மறுத்துப் பேச எழுந்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மொதல்ல ரோடு வரட்டும், உக்காருடா."

இன்ஜினியருக்கு இன்னொரு சந்தேகம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்து ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்தால் அது வண்டியா, ஆம்புலன்ஸா? சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சைரன் அடிச்சா உள்ள உசுரு இருக்குன்னு வச்சுக்குவோம். அடிக்கலன்னா இல்ல." இரு தரப்பும் கைதட்டின. சாலை வந்தது. புழுதியும் வந்தது. நாய்கள் முதல் நாளே சேர்ந்துகொண்டன.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஆம்புலன்ஸில் வரும்போது செயலாளர் போன் செய்தார். "சார், மனசத் தேத்திக்குங்க. சைரன் போடச் சொல்லுங்க." நான் போனை அணைத்தேன். என் கைப்பேசியில் அவர் பேசியது முன் சீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும், டிரைவரே சைரனைப் போட்டுவிட்டார்.

பழைய தெருவில் இன்ஜினியர் குடை பிடித்து நின்றிருந்தார். வண்டி மெதுவானதும் ஜன்னல் அருகே வந்து, "அப்பா எப்படி இருக்காரு?" என்றார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

"இறந்துட்டாருங்க."

அவர் மேலே சுழன்ற விளக்கைப் பார்த்தார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். அதான் அடிக்குதே. போங்க, போங்க."

மறுநாள் தூக்க வேண்டும். மயானத்துக்கும் ஆம்புலன்ஸே பேசிவிடலாம், சைரனோடு போய்விடலாம் என்றார் செயலாளர். அவரை அடிக்காமல் விட்டது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். பாடையில்தான் போவார், ரோட்டில்தான் போவார் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போய், ஹாரனில் கட்டைவிரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. பறைச் சத்தமே அதில் அமுங்கிவிட்டது. பழைய தெருக்காரர்கள் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். இன்ஜினியர் தன் காரை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்.

நான் தீச்சட்டியோடு முன்னால் போனேன். தெரு பாதி கடந்திருக்கும், திரும்பிப் பார்த்தேன். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த சித்தப்பா தலையைக் குனிந்து, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து, பயிரை மிதித்துவிடாமல் வரப்பில் போகிற மாதிரியே வந்துகொண்டிருந்தார்.

"ரோடு சித்தப்பா, அகலமா நடங்க" என்றேன்.

ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.