ராகு காலத்தில் வராத வாள்

மென்பொருள் வேலைக்காக ஹெப்பகோடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் பஸ் மாறி பஸ் ஏறி ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அலுவலக நண்பன் வீட்டுக்குப் போய்விடுவேன். அமெரிக்காவுக்கு வேலையாகப் போய்வந்த அவன் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்திருந்தான். காட்டையும் குகையையும் அரக்கர்களையும் அவன் வாயாலேயே உண்டாக்குவான். நாங்கள் அதற்குள் புகுந்து, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். நாங்கள் என்றால் நானும் மல்லேஸ்வரத்துக் கன்னட நண்பன் ஒருவனும். ஆட்டத்தில் அவன் மந்திரவாதி. நான் போர்வீரன் என்று பேர்தான். மாதக்கணக்காக மூட்டை தூக்கித் தீப்பந்தம் பிடித்ததைத் தவிர ஒரு எலியைக்கூடக் கொன்றதில்லை. ஒரே ஒரு டிராகன் தலை, அதுவும் நானே செய்த வாளால். என் ஆசை அவ்வளவுதான்.

அலுவலக நேரத்திலேயே வாளை வரைந்தேன். விளையாட்டோடு வந்த புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரக் கத்திகள் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் எல்லைச்சாமி கையில் இருப்பதைப் போல முனை வளைத்து, நுனியில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தினேன். கைப்பிடியில் கறுப்புக் கயிறு, ஒரு திருஷ்டிப் பொட்டு. ஒரே வீச்சில் எதையும் வெட்டும் என்று பக்கத்தில் எழுதினேன். ஆட்டத்தை நடத்தும் நண்பன் படித்துப் பார்த்து, இவ்வளவு சக்தி வேண்டுமென்றால் ஒரு பலவீனமும் இருந்தாக வேண்டும், அதுதான் விதி என்றான். ராகு காலத்தில் உறையை விட்டு வராது என்று எழுதிக் கொடுத்தேன். தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு, ராகுவைப் பற்றி இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம்தான்.

அடுத்த ஞாயிறே டிராகன் வந்தது. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் முதலையை வைத்து, இதுதான் அது என்றான். வாளை உருவுகிறேன் என்றேன். அவன் நிதானமாக எழுந்து சமையலறைக்குப் போய், மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரோடு திரும்பி வந்தான்.

"ஞாயித்துக்கெழம நாலரைலருந்து ஆறு. இப்ப மணி என்ன மச்சா?"

நாலே முக்கால். காட்டில் ஏதடா ஞாயிற்றுக்கிழமை என்று கத்தினேன். காட்டில் கடிகாரம் இல்லாததால் வீட்டுக் கடிகாரம்தான் செல்லும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். ஓடினால் டிராகன் நெருப்பைக் கக்கும். செத்தால் என் வீரனைப் பற்றி எழுதி வைத்திருக்கும் தாளைக் கிழித்துப்போட வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மணிவரை பேச்சுக் கொடுத்து இழுப்பது ஒன்றுதான் வழி.

கன்னட நண்பன் முதலையைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா?" என்றான். யாரைக் கண்டாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுத்தான் அவன் பேச்சைத் தொடங்குவான்.

"இன்னும் இல்ல. இப்பதான நீங்க வந்திருக்கீங்க" என்றது டிராகன், நண்பனின் வாயால்.

நான் அவசர அவசரமாகக் குடும்பத்தை விசாரித்தேன். டிராகனும் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தது. குகையில் ஈரம், மூட்டு வலி, பெரிய பெண்ணுக்கு வரன் தேடி அலைந்த அலைச்சல். பெண்ணுக்குப் புதையலில் எவ்வளவு போடுவீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் வாய் கூசாமல் கேட்டார்களாம். கன்னட நண்பன் உச்சுக்கொட்டினான். காபி வந்தபோது கூட வந்த காங்கிரஸ் கடலை என்கிற மசாலாக் கடலையில் ஒரு பிடி அள்ளி முதலைக்கு முன்னாலும் வைத்தான். ஒருவழியாக மலைக்கு அந்தப் பக்கம் நல்ல இடம் அமைந்துவிட்டதாம். வருகிற மாதம் கல்யாணம், இரண்டு பேரும் கண்டிப்பாக வர வேண்டும் என்று டிராகன் அழைத்தது.

கடிகாரம் ஆறு அடித்தது. வாளை உருவுகிறேன் என்று பகடையை எடுத்தேன். இத்தனை மாதம் மூட்டை சுமந்த கோபமெல்லாம் கைக்கு வந்திருந்தது. கன்னட நண்பன் முதலையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"கல்யாணத்துக்குக் கூப்ட்டவர போயி வெட்டுவியா குரு?"

நான் ஆட்டம் நடத்துகிறவனைப் பார்த்தேன். பெண்ணைப் பெற்றவன் கவலை அப்படியே அவன் முகத்தில் இருந்தது. பாவி, நடிக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. பகடையைக் கீழே வைத்துவிட்டு, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.