போர்செட் தண்ணீரில் நடுங்காத உடம்பு

சாப்பாட்டுக் கூடையோடு வயலுக்குப் போனபோது, என் கணவரைப் போர்செட் குழாயின் கீழே படுக்கவைத்திருந்தார்கள். சம்பா அறுவடை அன்று காலைதான் முடிந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவருக்குக் கூட்டாளிகளின் உபசாரம் பலம். வெறும் வயிற்றில், யார் முதலில் பாட்டிலை முடிப்பது என்று பந்தயம் வேறு. நாற்பத்தோரு வயதுப் பிள்ளை.

குடித்து விழுந்தவருக்கு எங்கள் ஊர் வைத்தியம் இதுதான். மோட்டாரைப் போட்டுத் தலையைத் தண்ணீரில் காட்டுவார்கள்.

"அத்தான் கால் மணி நேரத்துல எழுந்துடுவாருக்கா," என்றான் என் தம்பி.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? கொண்டுபோன மோரை அவர் வாயில் ஊற்றினேன். விழுங்காமல் கடைவாயில் வழிந்தது. அப்போதுதான் உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்றவர் மாதிரி நீலம் பாரித்திருந்தது. தைக் காற்றில் எனக்கே குளிர்ந்தது. நனைந்து கிடந்த அவர் நடுங்கவே இல்லை. கிள்ளினேன். அசைவில்லை. ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வருவதற்குள் பன்னிரண்டு எண்ணிவிட்டேன்.

"மோட்டாரை நிறுத்துடா. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு."

"ஊருல சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். போடுறியா இல்லையா?"

ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் சொன்னபடி அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த சாக்குகளைப் போர்த்தினோம். வாயில் வேறெதுவும் ஊற்றவில்லை. வண்டி வருமுன் வாந்தி எடுத்தார். மல்லாந்து கிடந்திருந்தால் அது மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை ஆல்கஹால் பாய்சனிங் (அளவு மீறிய மது மூச்சையும் நினைவையும் அமுக்கும் நிலை) என்றார்.

"தண்ணி ஊத்தினா போதை இறங்காதும்மா, உடம்புச் சூடுதான் இறங்கும். மோர் உள்ள போயிருந்தா புரையேறி இன்னும் ஆபத்து. தூங்கட்டும்னு விடாம கொண்டு வந்தீங்களே, அதனாலதான் பிழைச்சாரு."

ஆக்சிஜனும் குளுக்கோஸும் ஏறின. மறுநாள் காலை கண்ணைத் திறந்து, "அறுப்பு முடிஞ்சுதா?" என்றார். அழுதுகொண்டே திட்டினேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் எழுப்பியும் எழாமல் கிடந்தால் மானத்தைப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

அந்தப் பகல் அவர் நினைவில் துளியும் இல்லை. எனக்கோ அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கை இன்னும் முடிந்தபாடில்லை. போன வாரம் அதே போர்செட்டில் குளித்துவிட்டு, பல் தந்தியடிக்க, "துண்டைக் குடேன், குளுருது," என்று கை நீட்டினார். உடனே கொடுக்கவில்லை. அவர் நடுங்குவதைக் கொஞ்ச நேரம் ஆசைதீரப் பார்த்துக்கொண்டு நின்றேன்.